பியானோ: தானாகக் கற்பதா, ஆசிரியரிடம் போவதா? குமரி மாவட்டத்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தக்கலைக்கு அருகே வசிக்கும் நான் முப்பத்தாறாவது வயதில் பியானோ கற்கத் தொடங்கினேன். முதல் பதினான்கு மாதங்கள் யூடியூப் காணொளிகளையும் கைப்பேசிச் செயலி ஒன்றையும் மட்டுமே நம்பியிருந்தேன். அதன் பிறகுதான் நாகர்கோவிலில் ஓர் ஆசிரியரிடம் சேர்ந்தேன். சேர்ந்த அன்று எனக்கு நன்றாக வரும் பாடல் ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இடையில் நிறுத்தவில்லை. பாடல் முடியும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாட்டு சரியாத்தான் வருது சார். கைதான் முழுசும் மாத்தணும். ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டார். அந்த ஆறு மாதம் எட்டு மாதமாக நீண்டது. அந்தக் காலமும் அதற்கு முன் நான் தேவையில்லாமல் செலவழித்த பணமும் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதங்களுக்கு ஆசிரியர் கட்டாயம் வேண்டும். அதற்குப் பிறகு நீங்களாகவே பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "முதலில் நானே கொஞ்சம் பழகிக்கொள்கிறேன், பிறகு வகுப்புக்குப் போகிறேன்" என்று தொடங்குகிறார்கள். எது எந்த ஸ்வரம், தாளத்தை எப்படி எண்ணுவது என்பதையெல்லாம் புத்தகமும் காணொளியும் சொல்லிக்கொடுத்துவிடும். உங்கள் மணிக்கட்டு தாழ்ந்திருப்பதையும், சுண்டுவிரல் விறைத்து மேலே நிற்பதையும் அவற்றால் பார்க்க முடியாது. கை பழகிய பிறகு அதைத் திருத்துவது, புதிதாகப் பழகுவதைவிட இரு மடங்கு வேலை.

1. எதைக் கற்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் மாவட்டத்தில் "பியானோ படிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் கீபோர்டு படிக்கிறார் என்றுதான் பொருள். ஆலயங்களில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருப்பதால், அவர்களைப் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு ஆசையே பிறக்கிறது. ஆனால் அவர்கள் செய்வது ஒரு கலை. பியானோ வாசிப்பது இன்னொரு கலை. பாடகருக்குத் துணையாக வாசிப்பவர் கார்டுகளை (ஒரே நேரத்தில் அழுத்தும் ஸ்வரக் கூட்டங்களை) உடனுக்குடன் பிடிக்க வேண்டும். பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப மாற வேண்டும். சபையார் இழுத்துப் பாடினால் தானும் காத்திருக்க வேண்டும். பியானோவில் இரண்டு கைகளும் தனித்தனி வேலை செய்ய வேண்டும்; விரலின் அழுத்தத்தால் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும்; எழுதிவைத்த இசையைக் கண்ணால் பார்த்தே வாசிக்க வேண்டும்.

இரண்டில் எது வேண்டுமானாலும் கற்கலாம், ஒன்றும் குறைவில்லை. ஆனால் எது வேண்டும் என்று தெளிவாகத் தெரியாமல் கருவி வாங்கினாலோ ஆசிரியரிடம் சேர்ந்தாலோ ஓராண்டு வீணாகும். ஆலயத்தில் வாசிப்பதுதான் நோக்கம் என்றால், நல்ல 61 கட்டைக் கீபோர்டும், பாடகர் குழுவில் அனுபவமுள்ள ஒருவரும் போதும். பியானோவே வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கீபோர்டில் 'டிரான்ஸ்போஸ்' என்றொரு பொத்தான் உண்டு. எல்லாப் பாடல்களையும் சி மேஜரில் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துவிட்டு, பொத்தானை அழுத்திச் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஞாயிறு ஆராதனைக்கு அவசரமாக வாசிக்க வேண்டியவருக்கு அது உதவும். கற்றுக்கொள்பவருக்கு அது பெரிய தடை. ஆண்டுக்கணக்கில் வாசித்த பின்னும் கருப்புக் கட்டைகளில் கை வைக்கத் தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

2. கருவி: எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

உண்மையான மரப் பியானோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதில் ஏறத்தாழ 230 கம்பிகள் உள்ளன. ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க வேண்டும். நான் விசாரித்தவரை அதற்குரியவரை மாவட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பெய்யும் ஊரில் மரம் ஊறுவதும் காய்வதுமாகச் சுருதி நிலைக்காது. சிறிய வகைப் பியானோகூட 200 கிலோ எடை வரும் என்பதால் மாடிவீட்டில் ஏற்றுவதும் எளிதன்று.

நீங்கள் தேட வேண்டியது 88 கட்டைகள் கொண்ட, எடையுள்ள கட்டைகளை உடைய டிஜிட்டல் பியானோ. கடையில் 'ஹாமர் ஆக்ஷன்' என்று கேளுங்கள். யமாஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்டு எஃப்பி-10 ஆகியவை தொடக்க நிலைக்கு ஏற்றவை. பொதுவாக 35,000 முதல் 55,000 ரூபாய் வரையில் விலை சொல்லப்படுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 11, 12 கிலோ எடைதான். நம் ஊர்க் கடைகளில் 61 கட்டைக் கீபோர்டுகளே அதிகம் இருக்கும். 88 கட்டைக் கருவிக்குச் சொல்லிவைக்க வேண்டியிருக்கலாம். திருவனந்தபுரம் போய் நேரில் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது, ஒரு நாள் அலைச்சலாக இருந்தாலும், நல்ல முடிவு.

அவ்வளவு பணம் இப்போது இல்லை என்றால், தொடு உணர்வு உள்ள 61 கட்டைக் கீபோர்டில் தொடங்கலாம். 10,000 முதல் 20,000 ரூபாய் வரை ஆகும். ஆனால் அது ஓராண்டுக்கு மேல் போதாது. தொடு உணர்வே இல்லாத கீபோர்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான் முதலில் 5,500 ரூபாய்க்குப் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கினேன். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அதில் ஒரே அளவு ஒலிதான் வரும். பதினான்கு மாதம் அதில் பழகியதால், விரலின் எடையைக் கட்டுப்படுத்துவது என்றால் என்னவென்றே என் கைக்குத் தெரியாமல் போயிற்று.

பழைய கருவி வாங்குகிறீர்கள் என்றால், பணம் கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள். இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒவ்வொரு கட்டையையும் ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் அழுத்துங்கள். ஒரு கட்டை மட்டும் திடீரென அலறினாலோ, இரண்டு தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் பேசினாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் தொடுமுனை கெட்டிருக்கிறது அல்லது அழுக்கேறியிருக்கிறது. கருவியைக் கவிழ்த்து அடியில் உள்ள திருகாணிகளைப் பாருங்கள். குளச்சல் போன்ற ஊரில் கடலோர வீட்டில் இருந்த கருவி என்றால் திருகாணித் தலை செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கும். வெளியே துரு என்றால் உள்ளேயும் இருக்கும். எறும்பு வெளியே வந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

அடாப்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யமாஹாவின் சிறிய கருவிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்குபவை; கேசியோவின் இப்போதைய கருவிகள் பல 9.5 வோல்ட். முனையின் நேர், எதிர்த் திசையும் கருவிக்குக் கருவி மாறும். "எந்த அடாப்டரும் போடலாம்" என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு நான் செருகியதில் கருவியின் மின்பலகை பழுதாகி, சரிசெய்ய 900 ரூபாய் ஆயிற்று. கருவியின் பின்புறம் அச்சிட்டிருப்பதையும் அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே செருகுங்கள்.

புதியது வாங்கினால் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் மூன்று: கருவியின் வரிசை எண் குறித்த ஜி.எஸ்.டி. ரசீது, கடை முத்திரையும் தேதியும் உள்ள உத்தரவாத அட்டை, அருகில் உள்ள பழுதுபார்ப்பு மையத்தின் முகவரி. இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முழுவதும் காணொளியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கட்டை உடைந்து வந்திருந்தால் அது இல்லாமல் வாதாட முடியாது. பெட்டியையும் தெர்மோகோலையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை பரணில் வைத்திருங்கள்.

3. உட்காரும் உயரம்

இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி வலி வராது. பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து ஏறத்தாழ 72 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையே 75 செ.மீ. உயரம், அதன்மேல் கருவியை வைத்தால் இன்னும் பத்து செ.மீ. ஏறிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து அதை வாசித்தால், முழங்கை கட்டைகளுக்குக் கீழே தொங்கும். விரல்களைக் கட்டைமேல் வைக்க மணிக்கட்டு மடங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் முன்கையில் வலி தொடங்கும். எனக்குத் தொடங்கியது, பயிற்சி கூடிவிட்டது போலும் என்று எண்ணிப் பொருட்படுத்தாமல் விட்டேன். பியானோ வாசிப்பதில் வலி என்பது உழைப்பின் அடையாளம் அல்ல. தவறான நிலையின் அறிகுறி. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

முழங்கை கட்டைகளின் மட்டத்தில் அல்லது சற்றே மேலே இருக்க வேண்டும். பாதங்கள் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். சிறுவர்களுக்குக் காலடியில் பலகை போடுங்கள். இருக்கையின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். உயரத்தை மாற்றக்கூடிய இருக்கைக்கு நான் 3,500 ரூபாயும், தாங்கிக்கு 3,200 ரூபாயும் கொடுத்தேன். எக்ஸ் வடிவத் தாங்கியில் 88 கட்டைக் கருவி ஆடும், முழங்காலும் இடிக்கும். நாலுகால் தாங்கியை நம் ஊர்த் தச்சரிடமே அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். காலால் அழுத்தும் மிதிக்கட்டைக்கு (பெடல்), கருவியோடு வரும் சதுரப் பிளாஸ்டிக் துண்டு டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் ரப்பர் உள்ள, பியானோ மிதிபோன்றே இருப்பதை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

4. ஆசிரியரைத் தேடுதல்

நம் மாவட்டத்தில் மூன்று வகையானவர்கள் கிடைப்பார்கள். பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டே வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற இடங்களில் தேர்வுகளுக்குத் தயார்செய்யும் இசை வகுப்புகள். வெளியூரிலிருந்து இணையவழியில் கற்பிப்பவர்கள். விளவங்கோடு, கிள்ளியூர் வட்டங்களில் இருப்பவர்களுக்கு நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம் அதிகத் தொலைவில்லை என்பதால் அங்கும் விசாரிக்கலாம். ஆனால் வாரந்தோறும் போய்வர முடியுமா என்று நேர்மையாக யோசித்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்லப்பட்ட கட்டணங்கள்: குழு வகுப்புக்கு மாதம் 1,000 ரூபாய், தனி வகுப்புக்கு வாரம் ஒன்று வீதம் மாதம் 1,500 ரூபாய், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க 3,000 ரூபாய். நான் தனி வகுப்பையே தேர்ந்தேன். வகுப்பு 45 நிமிடம்.

குழு வகுப்பைத் தொடக்கத்தில் தவிர்க்கச் சொல்வேன். பத்துப் பேர் ஆளுக்கொரு கீபோர்டில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஆசிரியர் சுற்றி வருவார். ஒரு மணி நேரத்தில் உங்கள் கையை அவர் பார்ப்பது ஐந்து நிமிடம்தான். நீங்கள் கட்டணம் கொடுப்பதே அவர் உங்கள் கையைப் பார்ப்பதற்காக என்பதை மறந்துவிடாதீர்கள்.

எப்போது சேர்வது என்பதும் முக்கியம். ஆசிரியர் ஆலயப் பாடகர் குழுவில் இருப்பவர் என்றால், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3 அன்று நிறைவடையும் வேளையில் தொடங்கிக் கிறிஸ்துமஸ் முடியும்வரை அவருக்கு ஓய்விருக்காது. ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களும் அப்படியே. அக்டோபர், நவம்பர் மழையில் வகுப்புகள் தடைபடும். எனவே ஜனவரி நடுவிலோ ஜூன் மாதத்திலோ சேர்ந்தால், முதல் இரண்டு மாதங்களாவது இடையறாமல் நடக்கும். நான் நவம்பரில் சேர்ந்து முதல் எட்டு வாரங்களில் மூன்று வகுப்புகள்தான் பெற்றேன்.

5. முதல் வகுப்பில் எதைக் கவனிப்பது

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு மட்டும் இருந்து பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஒரு வகுப்பில் அவர் உங்கள் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்கிறாரா, விரல் எண்களைச் சொல்லிக்கொடுக்கிறாரா, உங்களை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பெரும்பாலான நேரம் அவரே வாசித்துக் காட்டினால் அவர் நல்ல கலைஞராக இருக்கலாம். நல்ல ஆசிரியர் என்று சொல்ல முடியாது.

விரல் எண்கள் என்பவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். கட்டைவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. சி மேஜர் ஸ்கேலை (சி-யில் தொடங்கி வரிசையாக ஏறும் எட்டு ஸ்வரங்களை) வலக்கையில் 1, 2, 3 என்று வாசித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து மீண்டும் 1, 2, 3, 4, 5 என்று முடிப்போம். காணொளி பார்த்து இதைக் கற்ற நான், எல்லா ஸ்கேலுக்கும் இதுவே பொருந்தும் என்று எண்ணி எஃப் மேஜரையும் அப்படியே வாசித்துவந்தேன். எஃப், ஜி, ஏ மூன்றும் முடிந்ததும் என் கட்டைவிரல் நான்காவது ஸ்வரமான பி ஃப்ளாட்டில், அதாவது கருப்புக் கட்டையின்மேல் போய் விழும். அதை எட்டுவதற்காகக் கை முழுவதும் முன்னே தள்ளி, மணிக்கட்டு வெளிப்பக்கமாகத் திரும்பும். கேட்பவர் காதுக்குத் தவறு எதுவும் தெரியாது; ஸ்வரங்கள் எல்லாம் சரிதான். ஆசிரியர் பார்த்த உடனே என் மோதிரவிரலை எடுத்துக் கருப்புக் கட்டையின்மேல் வைத்தார். எஃப் மேஜரில் 1, 2, 3, 4 என்று போய், நீண்ட மோதிரவிரல் கருப்புக் கட்டையில் நிற்கும்போது, குட்டையான கட்டைவிரல் அடியில் நுழைந்து அடுத்த வெள்ளைக் கட்டையில் இயல்பாக அமர்கிறது. கை எங்கும் திரும்ப வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேல் தவறாக வாசித்ததைக் காட்டித்தர அவருக்குப் பத்து நொடி போதுமானதாக இருந்தது. என் கையிலிருந்து அதை எடுக்க ஏழு வாரம் ஆயிற்று.

பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வராத வகுப்புக்குக் கட்டணம் உண்டா, அவர் வராத வகுப்பை ஈடுசெய்வாரா, ஐந்து வாரம் வரும் மாதத்தில் ஐந்தாவது வகுப்பு உண்டா, புத்தகம் யார் வாங்குவது ஆகியவற்றை முதல் நாளே பேசிவிடுங்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்; கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். நான் முதலில் விசாரித்துச் சேர்ந்த ஓரிடத்தில் அப்படிக் கொடுத்து, இரண்டு வகுப்புகளோடு அது நின்றுபோனது. திரும்பக் கேட்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

6. ஆசிரியர் கிடைக்கவே இல்லை என்றால்

கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கும், இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் வாராந்திர வகுப்பு இயலாமல் போகலாம். அவர்கள் இணையவழி ஆசிரியர் ஒருவரை மாதம் இருமுறையாவது வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியை முகத்துக்கு எதிரே வைக்காமல், பக்கவாட்டில், கட்டைகளின் மட்டத்தில், மணிக்கட்டும் முழங்கையும் தெரியும்படி வையுங்கள். முடிந்தால் இன்னொரு கைப்பேசியை மேலிருந்து பார்க்கும்படி கட்டுங்கள்.

அதுவும் இயலாதவர்கள், தாமே தம் கைக்கு ஆசிரியராக வேண்டும். வாரம் ஒருமுறை அதே பக்கவாட்டுக் கோணத்தில் இரண்டு நிமிடம் காணொளி எடுத்து, ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலியோடு பார்த்தால் பாடலைக் கேட்டுவிட்டு மகிழ்ந்துவிடுவோம்; ஒலி இல்லாதபோதுதான் கை தெரியும். விரலின் முதல் மூட்டு உள்நோக்கி ஒடிகிறதா, மணிக்கட்டு கட்டைகளுக்குக் கீழே இறங்குகிறதா, வாசிக்காத விரல்கள் விறைத்து நிற்கின்றனவா, தோள் மேலே ஏறுகிறதா என்ற நான்கையும் பாருங்கள்.

செயலிகளைப் பொறுத்தவரை, நீங்கள் அழுத்திய கட்டை சரியா, நேரம் சரியா என்று மட்டுமே அவை சொல்லும். நான் ஆண்டுச் சந்தாவாக 4,800 ரூபாய் கட்டினேன். எஃப் மேஜரைத் தவறான விரல்களில் வாசித்த ஒவ்வொரு நாளும் அது எனக்கு முழு மதிப்பெண் கொடுத்தது. திரையில் வண்ணக் கட்டங்கள் மேலிருந்து விழ, அவற்றைப் பார்த்து வாசிக்கும் காணொளிகளையும் தவிருங்கள். அவற்றில் பத்துப் பாடல்கள் மனப்பாடமாகும். பதினோராவது பாடலை நீங்களாக எடுத்து வாசிக்க முடியாது. ஐந்து கோடுகளில் எழுதிய இசையைப் படிக்க முதல் மாதத்திலிருந்தே பழகுங்கள். பாடகர் குழுவில் டி, ஆர், எம் என்று சொல்ஃபா எழுத்துகளில் பாடிப் பழகியவர்களுக்குக் காது ஏற்கெனவே தயாராக இருக்கும் என்பதால், கண்ணைப் பழக்கினால் போதும். பதிப்புரிமை முடிந்த இசைத்தாள்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்; மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே இசையை எழுதிக் கேட்டும் பார்க்கலாம்.

7. நாள்தோறும் பயிற்சி

நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஆறு நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதால் கை வலிக்குமே தவிர ஒன்றும் ஏறாது. முதல் ஐந்து நிமிடம் ஸ்கேல், அடுத்த ஐந்து நிமிடம் இதுவரை பார்த்திராத நான்கு வரிகளை மெதுவாக வாசித்தல், மீதி நேரம் அந்த வாரப் பாடல். பாடலை முதலிலிருந்து கடைசிவரை மீண்டும் மீண்டும் வாசிக்காதீர்கள். தடுமாறும் இரண்டு அளவைகளை (இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஓர் அளவை) மட்டும் எடுத்து, கைகளைத் தனித்தனியே, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வாசியுங்கள். தவறில்லாமல் மூன்று முறை வந்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் பல டிஜிட்டல் பியானோக்கள் இயங்கா. வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் துணிக்கு அடியில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கருவியின் அருகே தின்பண்டம் வேண்டாம்.

8. வகுப்பைக் குறைக்கும் நேரம்

ஆறு மாதம் முடிந்ததும், ஆசிரியர் உதவியில்லாமல் புதிய எளிய பாடல் ஒன்றை இசைத்தாளிலிருந்து நீங்களே எடுத்து, விரல் எண்களை நீங்களே எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் இரண்டு மூன்று திருத்தங்களுக்கு மேல் சொல்லவில்லை என்றால், வாராந்திர வகுப்பை மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். இதை அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முழு ஆண்டும் வாராந்திர வகுப்பு என்றால் 18,000 ரூபாய். ஆறு மாதம் வாராந்திரமும், பிறகு ஆறு மாதம் மாதம் ஒரு வகுப்புக்கு 500 ரூபாயும் என்றால் 12,000 ரூபாய். கருவி 47,000, இருக்கை, தாங்கி, மிதிக்கட்டை மூன்றுக்கும் 8,500, புத்தகங்கள் 1,400 என்று சேர்த்தால் முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 69,000 ரூபாய் எடுத்துவைக்க வேண்டும்.

9. தேர்வு எழுதுவதாக இருந்தால்

தேர்வு கட்டாயமில்லை, வயது வரம்பும் இல்லை. பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்புகளான லண்டன் டிரினிட்டி கல்லூரி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகிய இரண்டும் தொடக்க நிலையும் அதற்கு மேல் 1 முதல் 8 வரையிலான நிலைகளும் நடத்துகின்றன. டிரினிட்டியில் 100க்கு 60 பெற்றால் தேர்ச்சி; ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் 150க்கு 100. தானாகக் கற்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வில் மூன்று பாடல்களுக்கும் சேர்த்து 90 மதிப்பெண்தான். ஸ்கேல்களுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுச் சொல்வதற்கு 18. அதாவது மூன்று பாடல்களையும் குறையே இல்லாமல் வாசித்தாலும் தேர்ச்சி பெற முடியாது. தானாகக் கற்றவர்கள் கைவிட்டுவிடும் பகுதிகள் அந்த மற்ற மூன்றுமே. அவற்றுக்காக மட்டும் தேர்வுக்கு முந்தைய நான்கு மாதங்கள் மீண்டும் வாராந்திர வகுப்புக்குப் போவது நல்லது. பாடல்களை மட்டும் வாசித்துக் காணொளியாக அனுப்பும் தேர்வும் அங்கே உண்டு. நான்கு பாடல்களையும் வெட்டி ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாகப் பதிவுசெய்ய வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் நிலையும் அதற்கு மேற்பட்ட நிலைகளும் எழுத, ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டிலோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தேர்விலோ தேர்ச்சி வேண்டும். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

விண்ணப்பிக்கும்போது மிக அதிகம் நேரும் தவறு ஒன்று உண்டு. டிரினிட்டியில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் பாடத்திட்டங்கள் வேறு. வகுப்பு நடத்துபவர் உங்களுக்காகப் பதிவு செய்தால், எந்தப் பாடத்திட்டம் என்று படிவத்தை வாங்கி நீங்களே பாருங்கள். ஓராண்டு பியானோப் பாடல்களைப் பயின்றுவிட்டுக் கீபோர்டு தேர்வுக்குப் பதிவாகியிருந்த ஒரு சிறுமியின் தாயோடு நான் காத்திருப்பு அறையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த முறை அவள் தேர்வு எழுதவில்லை.

கட்டணம் நிலைக்கு நிலை கூடும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். வகுப்பு நடத்துபவர் தேர்வுக் கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் சேர்த்துக் கேட்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பம் தேர்வுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், மூன்று மாதம் முன்னதாகவே கடைசித் தேதியையும் தேர்வு நடக்கும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி, புகைப்பட அடையாள அட்டை, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

பெயரை நிரப்பும்போது தலைப்பெழுத்தில் கவனம் வேண்டும். நம்மில் பலருக்கு ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னும், பள்ளிச் சான்றிதழில் முன்னும் இருக்கும். படிவத்தில் குடும்பப் பெயர் என்று கேட்கும் இடத்தில் சிலர் தந்தையின் முழுப்பெயரை எழுதிவிடுவார்கள். நீங்கள் நிரப்பியபடியே சான்றிதழில் அச்சாகும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே எழுதி, அனுப்புமுன் படிவத்தைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு உறுதி மின்னஞ்சல் வந்த அன்றே பெயர், கருவி, நிலை மூன்றையும் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முன் என்றால் ஒரு மின்னஞ்சலில் திருத்திவிடலாம்.